வெள்ளைக்கல் மலையும் அப்பாவின் கேஸ் மாத்திரையும்

டிஸ்கியை முதலிலேயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பெங்களூர்ல பொட்டி தட்டுற சாதா பொறியாளன். படிச்சது எஞ்சினியரிங், அதுலயும் கெமிஸ்ட்ரி பேப்பர் முதல் வருஷத்தோட முடிஞ்சது. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் போட்டுட்டு இருக்கிற மாத்திரையை நாளைக்கே நிறுத்திடாதீங்க. ஏன்னு பதிவு முடியறதுக்குள்ள புரியும்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவை ஏற்காடு கூட்டிட்டுப் போயிருந்தேன். சேலத்துக்காரங்களுக்கு ஏற்காடு சுற்றுலாத் தலம் எல்லாம் கிடையாது, வீட்டு மொட்டை மாடி மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா வந்துடும். லேடீஸ் சீட்ல உட்கார்ந்து கீழே பார்த்துட்டு இருந்தோம். அப்பா பழக்க தோஷத்துல சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கே மாத்திரை அட்டை இல்லை. ஏழு வருஷமா அங்கே இருந்த அட்டை அது.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கலாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு மூட்டு வலி. வலி மாத்திரையோட சேர்த்து, வயிறு புண்ணாகாம இருக்க பான்டோப்ரசோல்னு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தாங்க. இரண்டு வாரத்துக்கு. அது சரியான வைத்தியம்தான், வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். மூட்டு வலி ஒரு மாசத்துல சரியாச்சு. வலி மாத்திரை நின்னுது. கேஸ் மாத்திரை மட்டும் நிக்கலை. நிறுத்தினா நெஞ்சு எரியுதுன்னார். மெடிக்கல்ல போய் காலி அட்டையைக் காட்டினா புது அட்டை கொடுத்துட்டாங்க. சீட்டு கேட்கலை. ஷெட்யூல் ஹெச் பட்டியல்ல இருக்கிற மருந்து, சீட்டு இல்லாம கொடுக்கக் கூடாது. ஆனா நம்ம ஊர்ல அது மளிகைச் சாமான் மாதிரி ஆயிடுச்சு.

போன வருஷம் தீபாவளி முடிஞ்ச நேரம். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா போன். "அப்பாவுக்குக் கை விரலெல்லாம் மடங்கிப் போச்சு கண்ணு, நீட்ட முடியலைங்கறார், நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்." ஏற்கெனவே ஒரு மாசமா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது, விரல் மரமரங்குதுன்னு சொல்லிட்டுதான் இருந்திருக்கார். நானும் "வாழைப்பழம் சாப்பிடுங்கப்பா"ன்னு போன்லயே வைத்தியம் பார்த்திருக்கேன். நல்ல பிள்ளை.

ஹார்ட் அட்டாக் இல்லை. ரத்தத்துல மெக்னீசியம் 0.9. சாதாரணமா 1.7க்கு மேல இருக்கணும். அது குறைஞ்சதால கால்சியமும் சரிஞ்சு போச்சு. ஏழு வருஷக் கேஸ் மாத்திரை ஒரு பக்கம், பிபிக்கு எடுத்துட்டிருந்த நீர் பிரியற மாத்திரை இன்னொரு பக்கம், ரெண்டும் சேர்ந்து இழுத்துடுச்சுன்னு டியூட்டி டாக்டர் சொன்னார். இளவயசுக்காரர். அட்ரஸைப் பார்த்துட்டு சிரிச்சார். "ஜாகீர் அம்மாபாளையமா சார்? வெள்ளைக்கல் மலையடியில இருந்துட்டு மெக்னீசியம் கம்மின்னு வந்திருக்கீங்களே!"

அந்த நேரத்துல எனக்குச் சிரிப்பு வரலை. ஆனா அந்த வரி மண்டைக்குள்ள உட்கார்ந்துடுச்சு. இந்தப் பதிவு அதோட விளைவு.

*

வெளியூர்க்காரங்களுக்கு: சேலத்துல இருந்து ஏற்காடு, ஓமலூர் பக்கம் போனா சேர்வராயன் மலையடிவாரத்துல தரையெல்லாம் வெள்ளை வெள்ளையா மேடு தெரியும். சின்ன வயசுல நான் அதைப் பனின்னு நினைச்சிருக்கேன் (சேலம் வெயில்ல பனி!). அதுதான் மேக்னசைட். நாங்க சொல்றது வெள்ளைக்கல். பக்கத்துல வெள்ளக்கல்பட்டின்னு ஊரே இருக்கு. ரயில்வேக்காரங்களும் விடலை, மேக்னசைட் ஜங்ஷன்னு ஒரு ஸ்டேஷனுக்குப் பேர் வெச்சுட்டாங்க. ஒரு தாதுப்பொருள் பேர்ல இருக்கிற ஸ்டேஷன் வேற எங்காவது இருந்தா சொல்லுங்க.

வெள்ளைக்காரங்க இதுக்கு வெச்ச பேர் 'சாக் ஹில்ஸ்', அதாவது சாக்பீஸ் மலை. பேர் தப்பு. சாக் என்பது கால்சியம் கார்பனேட், இது மெக்னீசியம் கார்பனேட். வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட்னு இந்திய நிலவியல் துறைக்காரங்க ரெண்டு பேர் திருச்சி, சேலம் பக்கத்துப் பாறைகளை நடையா நடந்து ஆராய்ஞ்சு 1864ல் அறிக்கை போட்டாங்க. அதுல இந்த மேடுகளும் உண்டு. இதே புரூஸ் ஃபுட்தான் 1863ல் பல்லாவரத்துல கல்லாயுதத்தைக் கண்டுபிடிச்சு, இந்தியாவில் பழைய கற்காலம் இருந்துச்சுன்னு காட்டினவர். ஓய்வுக் காலத்துல ஏற்காட்டுலயே வீடு போட்டு உட்கார்ந்தார். 1912ல் கல்கத்தாவுல இறந்துபோனார். அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் இருக்கு. ஏற்காடு போறவங்க படகு விட்டுட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுட்டுத் திரும்பாம அங்கேயும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க.

என் தாத்தா வெள்ளைக்கல் சுரங்கத்துல வேலை பார்த்தவர். அவர் வெட்டின கல் பெரும்பாலும் சூளைக்குத்தான் போச்சு. மேக்னசைட்டைச் சூடாக்கினா கரியமில வாயு வெளியே போய், மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். கணக்குப் போட்டா, சுத்தமான கல் 100 கிலோ போட்டா கையில கிடைக்கிறது 48 கிலோ. பாதிக்கு மேல காத்தாப் போயிடும். 1500 டிகிரிக்கு மேல சுட்டா செத்த கல் மாதிரி இறுகிடும், இரும்பு உருக்கும் உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்யலாம். அந்த அளவுக்குச் சுடாம விட்டா அமிலத்தோட சண்டை போடற குணம் மிச்சமிருக்கும்.

அந்தச் சண்டைதான் நமக்கு வேணும். ஏன்னா வயிற்றுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாத்ரூம் கழுவுற ஆசிட்டோட சொந்தக்காரன். அதை வில்லியம் பிரவுட்ங்கற லண்டன் டாக்டர் 1820கள்ல நிரூபிச்சார்.

இங்கே ஒரு ஆச்சரியம். மெக்னீசியம் கார்பனேட்டைச் சூடாக்கி எடை போட்ட முதல் முக்கியமான ஆள் ஜோசப் பிளாக்குன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1754ல் எடின்பரோவில் டாக்டர் பட்டத்துக்கு அவர் எழுதின ஆய்வேட்டோட தலைப்பே சாப்பாட்டால் வரும் அமிலத்தையும் வெள்ளை மெக்னீசியாவையும் பத்தினதுதான். நெஞ்செரிச்சலுக்கு மருந்து தேடிப் போனவர், அதைச் சுட்டா எடை ஏன் குறையுதுன்னு நோண்ட ஆரம்பிச்சு, கரியமில வாயு தனியான ஒரு வாயுங்கறதைப் பிடிச்சுட்டார். நவீன வேதியியலோட பெரிய படிகள்ல ஒண்ணு. அவர் தராசுல செஞ்ச சோதனையைத்தான் சேலம் சூளைகள் டன் கணக்குல செஞ்சுது. தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா மீசையை முறுக்கியிருப்பார்.

அப்புறம் கதை வேகமாப் போகும். 1829ல் ஜேம்ஸ் மர்ரேன்னு ஒரு அயர்லாந்து டாக்டர், அங்கே பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதியா இருந்தவருக்குத் திரவ மெக்னீசியா கொடுத்து வயிற்றைச் சரிபண்ணிப் பேர் வாங்கினார். 1873ல் அமெரிக்காவுல சார்லஸ் ஃபிலிப்ஸ் மெக்னீசியம் ஹைட்ராக்சைடைப் பால் மாதிரி கலக்கி 'மில்க் ஆஃப் மெக்னீசியா' ஆக்கினார். நம்ம பாட்டி வீட்டு அலமாரி வரைக்கும் வந்த நீலப் பாட்டில்.

மெக்னீசியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், பேதி போகும். அதுக்கு மாத்து என்னன்னா அலுமினியம் ஹைட்ராக்சைடு. அதுவும் அமிலத்தை அடக்கும், ஆனா மலச்சிக்கல் பண்ணும். ரெண்டையும் கலந்தா ஒண்ணோட தொல்லையை இன்னொண்ணு சமன் பண்ணும். ஜெலுசில், டைஜின் மாதிரி மாத்திரைகளோட அடிப்படையே இந்தக் கூட்டணிதான்.

அந்த அலுமினியமும் இதே மலையில இருக்கு மக்களே! அடிவாரத்துல மேக்னசைட்னா, ஏற்காட்டுக்கு மேலே உச்சிப் பகுதிகள்ல பாக்சைட். சார்னோகைட் பாறை பல லட்சம் வருஷம் மழையில ஊறி மட்கி, மத்ததெல்லாம் கரைஞ்சு போக, அலுமினியம் மிஞ்சின செம்மண். மேட்டூர்ல 1965ல் உற்பத்தி ஆரம்பிச்ச மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதான் மால்கோ, ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் வெட்டின பாக்சைட்டை வெச்சுதான் ஓடுச்சு. பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவுல கரைச்சு, திரும்பப் படிய வைக்கும்போது கிடைக்கிற வெள்ளைப் பொடி எது தெரியுமா? அலுமினியம் ஹைட்ராக்சைடு. அதைச் சுட்டு, உருக்கி உலோகம் ஆக்குவாங்க. 2008ல் அந்த அலுமினிய உற்பத்தி நின்னுபோச்சு.

அவசரப்பட்டு யாரும் 'ஜெலுசில் சேலத்துல பிறந்தது'ன்னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. மருந்துக்கான உப்புகளைத் தனியா சுத்தமாத் தயாரிப்பாங்க, மெக்னீசியம் கடல்நீர்ல இருந்தும் வரும். நான் சொல்றது இவ்வளவுதான். ஒரு மலை, கீழே ஒரு மருந்துக் கல், மேலே அதோட ஜோடிக் கல். நடுவுல எங்க அப்பா, மெக்னீசியம் 0.9.

*

இந்தக் கல் மருந்துகள்ல ஒரு நிம்மதி உண்டு. வயிற்றுக்குள்ள இருக்கிற அமிலத்தைத் தணிச்சுட்டுப் போயிடும், அமிலம் சுரக்கிற இடத்துல கை வைக்காது. அதனாலேயே பலன் கொஞ்ச நேரம்தான். வெறும் வயிற்றுல போட்டா அரை மணி நேரம், சாப்பிட்டு ஒரு மணி கழிச்சுப் போட்டா மூணு மணி நேரம் வரைக்கும் நிக்கும். மாத்திரையை மென்னு சாப்பிடணும்.

ஆனா 'கல்தானே, என்ன பண்ணிடும்'னு விட முடியாது. சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பின்னு ஒரு டாக்டர் 1915ல் அல்சருக்கு ஒரு முறை கொண்டு வந்தார். மணிக்கொரு தடவை பாலும் கிரீமும், இடையிடையே காரப் பொடிகளும். உலகம் முழுக்கப் பரவுச்சு. 1923லேயே சில நோயாளிங்க தலைவலி, வாந்தி, கிட்னி பாதிப்புன்னு விழறாங்கன்னு எழுதிட்டாங்க. பாலும் காரமும் சேர்ந்து ரத்தத்தோட சமநிலையையே குலைச்சிருக்கு. ஆனாலும் அந்த வைத்தியம் பல வருஷம் ஓடுச்சு. கிட்னி பலவீனமா இருக்கிறவங்களுக்கு மெக்னீசியமும் அலுமினியமும் வெளியே போகாம உடம்புல தேங்கும். பிபி, ஹார்ட் பிரச்சினை இருக்கிறவங்க சமையல் சோடா கரைச்சுக் குடிச்சா அது உப்பு சாப்பிடற மாதிரிதான். இன்னொண்ணு, தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக் எல்லாம் இந்த உப்புகளோட ஒட்டிக்கிட்டு ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிடும். நடுவுல ரெண்டு மணி நேரமாவது, தைராய்டுக்கு நாலு மணி நேரம், இடைவெளி விடணும். எங்க அத்தை காலையில தைராய்டு மாத்திரை விழுங்கிட்டு, அடுத்த நிமிஷமே டைஜின் குடிப்பாங்க. "தைராய்டு ஏறவே மாட்டேங்குது"ன்னு புலம்பல் வேற.

நோய் முத்திப் போனா அந்தக் காலத்துல கத்திதான். நம்ம பக்கத்துல அல்சர் ரொம்ப அதிகம். அதுக்குச் சாட்சி ஏற்காட்டுல இல்லை, தெற்கே நெய்யூர்ல இருக்கு. ஹோவர்ட் சோமர்வெல்னு ஒரு இங்கிலாந்து சர்ஜன், 1922 எவரெஸ்ட் குழுவுல வந்தவர். மலையேற்றம் முடிஞ்சதும் ஊர் சுத்திப் பார்க்க வந்து, அப்போ திருவிதாங்கூர்ல இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில நோயாளிகள் கூட்டத்தையும், சமாளிக்க ஆள் இல்லாததையும் பார்த்தார். அங்கேயே வேலைக்கு வந்துட்டார். 1924ல் திரும்ப எவரெஸ்ட்டுக்குப் போய் 28,000 அடிக்கிட்ட ஏறிட்டு, மறுபடி நெய்யூர். அவர் அங்கே அதிகம் செஞ்சதுல ஒண்ணு அல்சர் ஆபரேஷன். முன்சிறுகுடல் புண்ணால அடைச்சுப் போன வயிற்றுக்குக் குடலோட நேரா ஒரு புதுப்பாதை தைக்கிறது. தன் சகா ஆர்ரோட சேர்ந்து 1936ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல இதைப் பத்தி விரிவா எழுதினார். சாப்பாட்டுல ஏதோ இருக்குன்னு அப்போ எல்லாரும் சந்தேகப்பட்டாங்க. மரவள்ளிக் கிழங்கு, தீட்டின அரிசி, மிளகாய்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணைக் கைகாட்டினாங்க. பாக்டீரியான்னு யாருக்கும் தோணலை. அமிலத்துல எது உயிர்வாழும்!

வாழுது. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பேரி மார்ஷல்னு ரெண்டு பேர் 1982ல் ஹெலிகோபாக்டர் பைலோரியை வளர்த்துக் காட்டினாங்க. யாரும் நம்பலைன்னு 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவழைச்சுக்கிட்டார். 2005ல் நோபல். (நாங்களும் கேன்டீன் சாம்பார் தினமும் குடிக்கிறோம், ஒண்ணும் தர மாட்டேங்கறாங்க :-) ) அதுக்கப்புறம் பெரும்பாலான அல்சர், ரெண்டு வார ஆன்டிபயாடிக் வைத்தியத்துல தீர்ற நோயாச்சு. வருஷக்கணக்கா மாத்திரை போட்டுட்டு, இந்தக் கிருமி இருக்கான்னு ஒரு தடவைகூட பார்க்காதவங்க நம்மள்ல எத்தனை பேர்? எங்க அப்பா ஒருத்தர்.

*

அமிலம் சுரக்கிற இடத்துலயே கை வைக்கிற வித்தையைக் கொண்டு வந்தவர் பேரும் பிளாக்தான். ஜேம்ஸ் பிளாக். இவரும் ஸ்காட்லாந்துக்காரர்! ஜோசப்புக்கும் இவருக்கும் நடுவுல ரெண்டு நூற்றாண்டுக்கு மேல. ஹிஸ்டமின் போய் தட்டற கதவை அடைச்சா அமிலம் குறையும்ங்கறது இவர் கணக்கு. மெட்டியமைடுன்னு ஒரு மருந்து வேலை செஞ்சுது, ஆனா சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைச்சுது. தூக்கிப் போட்டுட்டு, அணுவமைப்பை மாத்தி, 1976ல் சிமெடிடின் வந்துச்சு. அல்சர் ஆபரேஷன்கள் மளமளன்னு குறைஞ்சுது. 1988ல் பிளாக்குக்கு நோபல்.

1981ல் வந்த ரானிடிடின் அதைவிட நல்ல பிள்ளைன்னு பேர் வாங்குச்சு. 1970 காப்புரிமைச் சட்டம் மருந்தோட செய்முறைக்கு மட்டும்தான் உரிமை கொடுத்துச்சு, அதனால நம்ம கம்பெனிகள் வேற வழியில செஞ்சு சல்லிசா வித்தாங்க. ரான்டாக், ஏசிலாக், ஜினெடாக் எல்லாம் வீட்டுக்கு வீடு. நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்போ பரோட்டாவுக்கு சைடு டிஷ்ஷே அதுதான். 2019ல் ரானிடிடின்ல என்டிஎம்ஏங்கற, புற்றுநோய் உண்டாக்கலாம்னு கருதப்படற கசடு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. சேமிச்சு வைக்க வைக்க, சூடு பட பட அது கூடுது. 2020 ஏப்ரல்ல அமெரிக்க மருந்துத்துறை எல்லாத்தையும் கடையை விட்டு எடுக்கச் சொல்லிடுச்சு. 2022ல் இந்தியாவோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்தும் போச்சு. நாப்பது வருஷம் கழிச்சு!

அதுக்கு முன்னாடியே ராஜா மாறியாச்சு. ஸ்வீடன்ல உருவாகி 1988ல் விற்பனைக்கு வந்த ஒமெப்ரசோல், அப்புறம் லான்சோ, பான்டோ, ராபே, எசோமேன்னு ஒரு கூட்டுக்குடும்பம். இதுங்க கதவை அடைக்கிறதில்லை, அமிலத்தை வெளியே தள்ற பம்ப்பையே பிடிச்சுப் பூட்டிடும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சப்போ எனக்கு நிஜமாவே புல்லரிச்சுது. நீங்க விழுங்கறது மருந்து இல்லை, மருந்தோட மூலப்பொருள். அது குடல்ல கரைஞ்சு, ரத்தத்துல ஏறி, இரைப்பை செல்லுக்குள்ள அமிலம் சுரக்கிற நுண்ணிய வாய்க்காலுக்குப் போகும். அங்கே இருக்கிற கடும் அமிலம் பட்டாத்தான் நிஜ மருந்தா மாறி, பக்கத்துல இருக்கிற பம்ப்பைக் கவ்விக்கும். கவ்வினா விடாது. உடம்பு புது பம்ப் செஞ்சாத்தான் உண்டு. அதனால ரத்தத்துல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடற மருந்து, ஒரு நாள் முழுக்க வேலை செய்யுது. எதிரியோட ஆயுதத்தையே வெச்சு எதிரியைச் சுடற கோடு. நான் எழுதற எந்த ப்ரோக்ராமும் இவ்வளவு அழகா இல்லை.

இதுலேர்ந்தே எப்படிச் சாப்பிடணும்ங்கறது வந்துடும். ஓடற பம்ப்பைத்தான் பிடிக்க முடியும். பம்ப் ஓடறது சாப்பாடு உள்ளே போகும்போது. அதனால காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். எங்க வீட்டுல இட்லி, வடை, காபி எல்லாம் முடிஞ்சு ஏப்பம் விட்டுட்டுதான் போடுவார். ஜெலுசில் சாப்பாட்டுக்கு அப்புறம், பான்டோ சாப்பாட்டுக்கு முன்னாடி. நம்ம ஜனங்க பாதிப்பேர் உல்டாவாப் பண்றாங்க. அப்புறம், மாத்திரையை நுணுக்கக் கூடாது. மேல இருக்கிற பூச்சு, வயித்துலயே கரைஞ்சு வீணாகாம இருக்கத்தான்.

முழு பலன் வர மூணு நாலு நாள் ஆகும். 'கல்யாண விருந்து சாப்பிட்டேன், ஒண்ணு போட்டுக்கிறேன்'ங்கறதுக்கு இது ஆள் இல்லை. அதுக்குக் கல்தான்.

*

சரி, அப்பாவுக்கு எங்கே தப்பாச்சு? மாத்திரை தப்பில்லை. முதல் ரெண்டு வாரமும் தப்பில்லை. மூணாவது வாரம்தான் தப்பு.

நிறுத்தினா எரியுதுன்னு சொன்னாரே, அது பொய்யும் இல்லை. டென்மார்க்ல 2009ல் ஒரு சோதனை வெளிவந்துச்சு. வயிற்றுல எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேர். பாதிப்பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல், மீதிப்பேருக்கு டம்மி. மருந்து எடுத்தவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு நிறுத்தின பிறகு நெஞ்செரிச்சல் மாதிரி தொல்லைகள் வந்துச்சு, டம்மி எடுத்தவங்கள்ல 15 சதவீதம். பம்ப்பைப் பூட்டி வெச்ச காலம் பூரா உடம்பு 'அமிலம் பத்தலை'ன்னு கத்திக் கத்தி சுரக்கிற செல்களை ஏத்திவிட்டுடும். பூட்டைத் திறந்ததும் வெள்ளம். அதைப் பார்த்து 'ஐயோ நோய் திரும்பிடுச்சு'ன்னு மறுபடி மாத்திரை. நோயே இல்லாத ஆளையும் நோயாளி ஆக்கற வட்டம். ஏழு வருஷம் எங்க வீட்டுல ஓடினது இதுதான்.

மெக்னீசியம் விவகாரம் 2006ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல முதல்ல வந்துச்சு. 2011 மார்ச்ல அமெரிக்க மருந்துத்துறை எச்சரிக்கை விட்டுச்சு. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல எடுத்தவங்களுக்கு வருது. கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்து மட்டும் ஏறலை, மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்துச்சு. அப்பாவுக்கும் அதேதான். பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க, ஏறும், ரெண்டு நாள்ல இறங்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லைன்னா நான் வாட்ஸப் மாமா ஆயிடுவேன். இந்த மாத்திரையால மறதி வரும், எலும்பு உடையும், கிட்னி போகும்னு நிறைய வருது. 17,598 பேரை மூணு வருஷம் வெச்சுப் பார்த்த ஒரு சோதனை 2019ல் வந்துச்சு, பாதிப்பேருக்கு பான்டோப்ரசோல், பாதிப்பேருக்கு டம்மி. தெளிவா கூடினது குடல் தொற்று மட்டும்தான், 1.4க்கு 1.0 சதவீதம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்கிற மருந்து எடுக்கிறவங்க, ரத்தக்கசிவு வந்தவங்க, உணவுக்குழாய் புண்ணாகிப் போனவங்களுக்கு இந்த மாத்திரை உயிர்க்கவசம். அவங்க இந்தப் பதிவைப் படிச்சுட்டு நிறுத்தினா பழி என் மேலதான் வரும். அதே மாதிரி ஸ்டென்ட் வெச்சு குளோபிடோக்ரெல் எடுக்கிறவங்களுக்கு ஒமெப்ரசோல் ஒத்துக்காதுன்னு 2009லயே எச்சரிக்கை இருக்கு, எந்த வகைன்னு டாக்டரைக் கேட்கணும்.

பயப்பட வேண்டியது வேற இடத்துல. மலம் கறுப்பா போறது, விழுங்கும்போது அடைக்கிறது, காரணமில்லாம எடை குறையறது, இதையெல்லாம் மாத்திரை போட்டு மூடி வைக்கிறது. வேர்வையோட நெஞ்சை அழுத்தினா 'கேஸ்'னு சொல்லிட்டு சோடா வாங்கிக் குடிக்கிறது. எங்க தெருவிலேயே ஒருத்தர் அப்படிச் சோடா பாட்டிலோட போய்ச் சேர்ந்தார். அது கேஸ் இல்லை, ஹார்ட் அட்டாக்.

அப்பாவுக்கு ஒரேயடியா நிறுத்தலை. நாப்பது மில்லிகிராம் இருபதாச்சு, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு படியும் டாக்டர் சொல்லி, நடு நடுவுல ரத்தப் பரிசோதனை. பிபி மாத்திரையையும் மாத்தினாங்க. எரிச்சல் வந்தப்போ ஜெலுசில். கிட்னி நல்லா இருந்ததால அதுக்குத் தடை இல்லை. முதல் மூணு வாரம் ரொம்பப் படுத்தினார். "உங்க ஆராய்ச்சிக்கு நான்தான் எலியா?"ன்னு திட்டினார். ராத்திரி ஒன்பதரை டின்னரை ஏழரைக்கு மாத்தினது அம்மா. கட்டில் தலைமாட்டுக் காலுக்கு அடியில அரை அடிக்குக் கட்டை வெச்சது நான். கிருமி டெஸ்ட்டும் எடுத்தோம். இல்லை. ஆக, ஏழு வருஷமா எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டார்னு யாராலயும் சொல்ல முடியலை.

லேடீஸ் சீட்ல இதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். ரெண்டு பிளாக், நெய்யூர் எவரெஸ்ட் டாக்டர், எல்லாம். கீழே தெரிஞ்ச வெள்ளை மேட்டைக் காட்டி, "அதோ அந்தக் கல்லுதாம்ப்பா ஜெலுசில்ல இருக்கிற சங்கதி"ன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தார்.

"உங்க தாத்தா எரிச்சல் வந்தா அங்கேருந்து ஒரு துண்டைக் கொண்டாந்து சுரண்டித் தண்ணியில போட்டுக் குடிப்பாருடா. நாங்க எல்லாம் பைத்தியம்னு சிரிப்போம்."

அப்படியே குடிச்சா சுத்தம் கிடையாது, யாரும் முயற்சி பண்ண வேண்டாம். போன வாரம் எடுத்த டெஸ்ட்ல மெக்னீசியம் 1.9.